ஆளில்லா வீட்டில் அசையும் ஓவியங்கள்

1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஜப்பானின் ஒசாக்கா நகரம், முந்தைய மாதம் நிகழ்ந்த குண்டுவீச்சில் பெரும்பகுதி எரிந்து கிடந்தது. பள்ளிச் சிறார் பலர் பெற்றோரைப் பிரிந்து, பாதுகாப்புக் கருதி நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அழியாது எஞ்சிய திரையரங்கு ஒன்றில் 'மொமோத்தாரோ: கடலின் தெய்வப் படைவீரர்' என்ற படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானியக் கடற்படையின் ஆணையால் மித்சுயோ செயோ இயக்கிய இப்படமே அந்நாட்டின் முதல் முழுநீள அசைவூட்டப் படமாகும். குரங்கும் கரடியும் நாயும் படைச்சீருடை அணிந்து, வான்குடையில் இறங்கித் தீவுகளை 'விடுவிக்கும்' கதை அது. சிறுவர் உள்ளத்தில் போர் உணர்வை ஊட்டுவதே அதன் நோக்கம். ஆனால் பார்க்க வேண்டிய சிறுவர் நகரில் இல்லை. ஏறத்தாழ வெறுமையாயிருந்த அந்த அரங்கில் பதினாறு வயது மாணவர் ஒருவர் அமர்ந்து அப்படத்தைக் கண்டு கண்ணீர் வடித்தார். அவர் பெயர் ஒசாமு தெசுகா. ஒருநாள் தாமும் இத்தகைய படமொன்றைப் படைப்பது என்று அன்று அவர் உறுதி பூண்டார்.

அவரை அழவைத்தது போர்க்கூச்சல் அன்று. போருக்கிடையே அப்படம் காட்டிய அமைதியான காட்சிகளும், காற்றில் மிதந்து செல்லும் பூவின் விதைகளுமே அவர் உள்ளத்தைத் தொட்டன. விதைத்தவர்கள் எண்ணியது வேறு. அவ்விளம் உள்ளத்தில் முளைத்தது வேறு.

இன்று 'அனிமே' என்று உலகெங்கும் அழைக்கப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுவர். நாம் அதை இங்கே முன்வைப்பதற்குக் காரணம் வேறு. இப்படங்கள் இளையோரின் உள்ளத்தையும் நடத்தையையும் என்ன செய்கின்றன என்ற கேள்வி இன்று பெற்றோர், ஆசிரியர், அருள்பணியாளர் அனைவரின் நாவிலும் இருக்கிறது. 'கெடுக்கின்றன' என்பது ஒரு சாராரின் விடை. 'வெறும் பொழுதுபோக்கே' என்பது மறு சாராரின் விடை. ஜப்பானின் எண்பது ஆண்டு வரலாறு இவ்விரு விடைகளையும் ஏற்கவில்லை. அது கூறுவது என்னவென்று சற்று ஊன்றிப் பார்ப்போம்.

தந்தையர் இல்லாத மாலைப்பொழுதுகள்

போர் முடிந்தபின் மருத்துவம் பயின்ற தெசுகா, மருத்துவத் தொழிலை மேற்கொள்ளாது சித்திரக் கதைகளுக்கே தம் வாழ்வை அளித்தார். 'மங்கா' எனப்படும் அச்சித்திரக் கதைகள் பெருகப் பெருக எதிர்ப்பும் எழுந்தது. 1955-ஆம் ஆண்டில் தாய்மார் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் 'தீய நூல்களை ஒழிக்கும் இயக்கம்' ஒன்றை நடத்தின. சிறுவரின் கைகளிலிருந்த சித்திரக் கதைப் புத்தகங்கள் பறிக்கப்பட்டன; சில இடங்களில் எரிக்கவும்பட்டன. அத்தாய்மாரின் கவலை பொய்யன்று. தோல்வியும் வறுமையும் கண்ட ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளேனும் நல்வழியில் வளர வேண்டுமென்று தவித்த தவிப்பு அது. ஆனால் புத்தகங்களை எரித்தவர்கள், பிள்ளைகள் அவற்றை ஏன் அவ்வளவு ஆர்வத்தோடு தேடினார்கள் என்று கேட்டறிய மறந்தனர்.

1963-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தெசுகாவின் 'வலிய கை அத்தோமு' தொலைக்காட்சியில் தொடங்கியது. 'அஸ்ட்ரோ பாய்' என்ற பெயரில் உலகறிந்த அத்தொடரின் கதையைச் சற்றே நினைவுகூர்வோம். சாலை விபத்தில் மகனை இழந்த அறிவியலார் ஒருவர், மகனைப்போன்றே ஓர் இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். இயந்திரம் வளராது என்று உணர்ந்ததும் வெறுப்படைந்து, அவனைச் சர்க்கஸ் நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிடுகிறார். தந்தையால் கைவிடப்பட்ட அச்சிறுவனை வேறொரு பேராசிரியர் மீட்டு, அன்பு காட்டி வளர்க்கிறார். வாரந்தோறும் ஜப்பானியச் சிறுவர் கண்டது பறக்கும் இயந்திரத்தை மட்டுமன்று. தந்தை வேண்டாமென்று தள்ளிய ஒரு பிள்ளையையும்தான்.

அந்த ஆண்டுகளில் ஜப்பான் வியத்தகு வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. தந்தையர் விடியலில் புறப்பட்டு இரவில் திரும்பினர். தாயும் வேலைக்குச் சென்ற வீடுகளில், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் தாமே பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்தனர். அவர்களைச் 'சாவிப் பிள்ளைகள்' என்று அழைக்கும் வழக்கமே அக்காலத்தில் உண்டாயிற்று. ஆளில்லாத வீட்டில் அவர்களை எதிர்கொண்டது தொலைக்காட்சிப் பெட்டி.

தொழில்முறையில் நேர்ந்த ஒரு மாற்றமும் இங்கே கருதத்தக்கது. வாரம் ஒரு பகுதி என்ற வேகத்திற்கு ஈடுகொடுக்க, தெசுகாவின் நிறுவனம் ஓவியங்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. வினாடிக்கு எட்டு ஓவியங்கள் போதும் என்றாயிற்று. முகம் அசையாதிருக்க உதடு மட்டும் அசைந்தது. பல காட்சிகள் ஒரே ஓவியமாய் நின்றன. அசைவு குறைந்த இடத்தைக் கதையும், கதைமாந்தரின் மனப்பேச்சும், மௌனமும் நிரப்பின. சிக்கனத்திற்காகச் செய்த இவ்வேற்பாடு, பாத்திரத்தின் உள்ளத்திற்குள் பார்ப்பவரை அழைத்துச் செல்லும் தனிக்கலையாக வளர்ந்தது. மறுபுறம், அடக்கவிலைக்கும் குறைவாக விற்கப்பட்ட படத்தின் இழப்பை ஈடுசெய்யப் பாத்திரங்களின் உருவம் வணிகப்பொருளாயிற்று. அத்தோமுவின் படம் பொறித்த ஒட்டுத்தாளுக்காகவே சிறுவர் மிட்டாய் வாங்கினர். சிறுவரின் அன்பைப் பணமாக மாற்றும் வழியை வணிகர் கற்றது அப்போதுதான். இந்த இரட்டைத் தன்மை அனிமேயை இன்றுவரை விட்டு அகலவில்லை.

பேராலயத்தில் ஒரு சாவு

1975-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் ஒளிபரப்பான ஒரு பகுதியை அத்தலைமுறை ஜப்பானியர் இன்றும் மறக்கவில்லை. வீதா என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கில எழுத்தாளரின் 1872-ஆம் ஆண்டுக் கதையைத் தழுவிய 'பிளாண்டர்ஸ் நாய்' தொடரின் இறுதிப் பகுதி அது. பால் சுமந்து பிழைக்கும் ஏழைச் சிறுவன் நெல்லோ, ஓவியனாக விரும்புகிறான். பாட்டனை இழந்து, செய்யாத குற்றத்திற்குப் பழி சுமந்து, வீடும் இழந்து, பனியில் நடந்து ஆன்ட்வெர்ப் நகரின் அன்னை மரியா பேராலயத்தை அடைகிறான். காசு கொடுத்தோர்க்கே திரை விலக்கிக் காட்டப்பட்ட ரூபன்சின் திருச்சிலுவை ஓவியங்களைக் கிறிஸ்து பிறப்பு இரவில் இறுதியாகக் காண்கிறான். தன் நாயை அணைத்தபடி அங்கேயே குளிரில் இறக்கிறான்.

கிறிஸ்தவர் நூற்றில் ஒருவர் அளவே உள்ள நாட்டில், ஒரு பேராலயத்தில் நிகழும் சாவைப் பார்த்து எத்தனையோ இல்லங்கள் அழுதன. அச்சிறுவர் வளர்ந்தபின் ஆன்ட்வெர்ப்பைத் தேடிச் சென்றனர். நெல்லோ நின்ற இடம் எது என்று அவர்கள் வினவியபோது, அக்கதையையே அறியாத அந்நகரத்தார் திகைத்தனர். 1985-இல் அருகிலுள்ள ஹோபோக்கனில் நெல்லோவுக்கும் நாய்க்கும் சிலை எழுந்தது. 2016-இல் பேராலயத்தின் முன்னேயே, கல்பாவிய தரையைப் போர்வையாய்ப் போர்த்து இருவரும் உறங்கும் வெண்சலவைக்கல் சிற்பம் வைக்கப்பட்டது.

சிறுவருக்குச் சாவைக் காட்டலாமா என்ற ஐயம் எழலாம். சாவை மருத்துவமனையின் திரைக்குப் பின்னே மறைத்துவிட்ட இக்காலத்தில், பிறர் துயருக்காக அழும் பயிற்சியைச் சிறுவர் எங்கே பெறுவர் என்ற கேள்வியையும் உடன் எழுப்ப வேண்டும். 1988-இல் இசாவோ தக்காஹாத்தா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை', கோபே நகரில் போர்க்காலப் பசியில் மடியும் அண்ணன் தங்கையைக் காட்டி, அப்பயிற்சியை மீண்டும் ஒருமுறை அளித்தது.

'தங்கள் இல்லம்' என்ற சொல்

எழுபதுகளின் இறுதியில் அனிமே பார்ப்போர் வளர்ந்துவிட்டனர், பார்ப்பதை விடவில்லை. 1977-இல் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ' திரைக்கு வந்தபோது இளைஞர் முந்தைய இரவே திரையரங்குகளின் முன் வந்து காத்துக்கிடந்தனர். 1979-இல் தொடங்கிய 'கண்டாம்' தொடரில் பதினைந்து வயதுச் சிறுவன் விருப்பமின்றிப் போர் இயந்திரத்தில் ஏறுகிறான். எதிரிகளும் மனிதரே என்று அறிந்து துன்புறுகிறான். 1981 பிப்ரவரி 22 அன்று தோக்கியோவின் சின்ஜுக்குவில் அத்தொடரின் பெயரால் கூடிய இளைஞர் பல்லாயிரவர். கூட்ட நெரிசலைக் கண்ட இயக்குநரே மேடையிலிருந்து ஒழுங்கு காக்க வேண்டினார். இங்கே தவறு நேர்ந்தால் பெரியவர்கள் உங்கள் அனைவரையும் இழிவாகவே பேசுவர் என்பது அவர் கவலை.

அக்கவலை விரைவில் மெய்யாயிற்று. இத்தகைய இளைஞர் ஒருவரையொருவர் 'ஒதாக்கு' என்று அழைத்துக்கொண்டனர். 'தங்கள் இல்லம்' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள்; முன்பின் அறியாதவரை மரியாதையோடு விளிக்கும் முன்னிலைச் சொல். நெருங்கிப் பழகும் வயதினர் இவ்வளவு தொலைவு காத்து விளிப்பதைக் கண்டு, 1983-இல் கட்டுரையாளர் ஒருவர் ஓர் இதழில் அச்சொல்லையே அவர்களுக்கு ஏளனப் பெயராகச் சூட்டினார். அப்பெயர் நிலைத்துவிட்டது. நட்புக்கு ஏங்கியவர்கள், நட்பின் மொழியை அறியாது அயலாரின் மொழியில் நட்பைத் தேடினர். அதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது?

1989-ஆம் ஆண்டில் ஏளனம் அச்சமாக மாறியது. நான்கு சிறுமியரைக் கொன்ற சுத்தோமு மியாசாக்கி கைது செய்யப்பட்டான். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஒளிநாடாக்கள் சுவர்மறைய அடுக்கியிருந்த அவன் அறை, நாடெங்கும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. 'ஒதாக்குக் கொலைஞன்' என்று செய்தியிதழ்கள் எழுதின. அந்நாடாக்களுள் பெரும்பாலானவை தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த சாதாரண நிகழ்ச்சிகளே என்ற செய்தி பின்னரே மெல்ல வெளிவந்தது. 2008-இல் அவன் தூக்கிலிடப்பட்டான். ஆனால் அந்த அறையின் படம், குற்றமேதும் அறியாத இலட்சக்கணக்கான இளைஞர்மீது நெடுங்காலம் நிழலாய்ப் படிந்திருந்தது.

இதைக் கூறும்போது, கண்டிக்க வேண்டியதையும் கண்டிக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அனிமேயிலும் மங்காவிலும் சிறுமியரை இச்சைப் பொருளாக்கும் ஓவியங்கள் உண்டு. அவற்றை விற்றுப் பிழைக்கும் வணிகமும் உண்டு. சிறார் ஆபாசப் படங்களை வைத்திருப்பதைக் குற்றமாக்கி 2014-இல் ஜப்பான் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோதும், கையால் வரைந்தவற்றுக்கு அது பொருந்தவில்லை. கற்பனை என்ற காரணத்தால் மாந்த மாண்பு குறைந்துவிடாது. ஒரு குழந்தையின் உருவத்தைப் பார்க்கும் கண் பழகிப்போவது சிறு தீமையன்று.

1995

அவ்வாண்டு சனவரி 17-இல் கோபே நிலநடுக்கம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மார்ச் 20-இல் 'ஓம் சின்ரிக்கியோ' என்ற குழுவினர் தோக்கியோ சுரங்க இரயிலில் சரின் நச்சுவளியைப் பரப்பினர். கால் நூற்றாண்டு படுக்கையில் கிடந்து 2020-இல் இறந்தவரையும் சேர்த்துப் பதினான்கு பேர் மடிந்தனர், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அக்குழுவில் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் அறிவியல் பயின்ற இளைஞர் பலர் இருந்தனர். தங்கள் தலைவர் வானில் மிதப்பதாகக் காட்டும் அசைவூட்டப் படங்களை அக்குழுவே தயாரித்து ஆள் சேர்த்தது. தங்கள் இருப்பிடங்களில் வைத்த காற்றுத் தூய்மைக் கருவிக்கு 'காஸ்மோ கிளீனர்' என்று அவர்கள் இட்ட பெயர், யமாத்தோ தொடரில் நஞ்சேறிய பூமியைக் காக்கும் கருவியின் பெயராகும்.

யமாத்தோவைக் கண்ட கோடிக்கணக்கான சிறுவர் நச்சுவளி வீசவில்லை. வாழ்வின் பொருள் என்ன என்ற கேள்விக்கு வீடும் பள்ளியும் நிறுவனமும் 'தேர்வு', 'வேலை', 'பதவி' என்று மட்டுமே விடைதந்த சமூகத்தில், சிலர் அவ்விடையை ஏற்க இயலாது போலி ஞானியின் வாயிலை அடைந்தனர். சிறுவயதில் கண்ட படங்களிலிருந்து தங்கள் வெறிக்கு மொழியை எடுத்துக்கொண்டனர். தீப்பொறி ஓரிடத்தில், காய்ந்த விறகு வேறோரிடத்தில் என்று பிரித்துப் பார்ப்பதே நேர்மை.

அதே ஆண்டு அக்டோபரில் ஹிதேயாக்கி அன்னோவின் 'எவாஞ்செலியோன்' தொடங்கியது. பதினான்கு வயதுச் சிறுவன் ஷின்ஜி தாயை இழந்தவன். பல ஆண்டு கண்டுகொள்ளாத தந்தை, பேரியந்திரம் ஒன்றை இயக்க ஆள் தேவைப்பட்டதும் அவனை அழைத்துவருகிறார். தந்தையின் ஒரு பாராட்டுச் சொல்லுக்காக அவன் உயிரைப் பணயம் வைக்கிறான். மனச்சோர்வில் பல காலம் தவித்த அன்னோ, இறுதி இரு பகுதிகளில் போரை விட்டுவிட்டு அச்சிறுவனின் மனத்திற்குள் நுழைகிறார். யாரும் அன்பு செய்யாதபோது நான் இருக்கலாமா என்பதே அச்சிறுவனின் கேள்வி. அதை அவ்வளவு வெளிப்படையாகத் தொலைக்காட்சியில் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

அத்தொடர் முழுதும் சிலுவைகள். வெடிப்பு சிலுவை வடிவில் எழுகிறது. ஆதாம், லொஞ்சினுஸ் ஈட்டி என்ற பெயர்கள் வருகின்றன. அவற்றில் கிறிஸ்தவப் பொருள் ஏதுமில்லை. ஜப்பானில் அரிதான சமயமாதலால் புதுமையாய்த் தோன்றும் என்றே பயன்படுத்தினோம் என்று துணை இயக்குநர் பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். நமக்கு இது சற்று வருத்தமளிக்கலாம். ஆனால் எண்ணிப்பார்ப்போம். சிலுவை அலங்காரமாகத் தொங்கிய அதே திரையில், சிலுவை எக்கேள்விக்கு விடையோ அக்கேள்வியை ஒரு சிறுவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேள்வியும் விடையும் ஒரே சட்டத்திற்குள் நின்றும் ஒன்றையொன்று அறியவில்லை. அறிமுகம் செய்துவைக்க ஆளில்லாமற்போயிற்று.

ஒரு மாலையில் 685 சிறார்

உடலளவிலேயே பாதிப்பு வெளிப்பட்ட நிகழ்ச்சியும் உண்டு. 1997 டிசம்பர் 16 மாலை, 'போக்கேமோன்' தொடரின் 38-ஆம் பகுதியில் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை மாறிமாறிச் சில வினாடிகள் மின்னின. வலிப்பு, மயக்கம், வாந்தி என்று 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பெரும்பாலோர் சிறார். ஒளித்தூண்டலால் வலிப்பு ஏற்படும் இயல்புடையோர் அவர்களுள் ஒரு பகுதியினரே. செய்தியைக் கேட்ட அச்சமும் ஒரு காரணமென்று ஆய்ந்தோர் கருதினர். தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. ஒளிபரப்பாளர்கள் கூடி மின்னலின் வேகத்துக்கும் நிறத்துக்கும் 1998-இல் வரம்பு வகுத்தனர். அன்றுமுதல், வெளிச்சமான அறையில், தள்ளியிருந்து பாருங்கள் என்ற அறிவிப்பு சிறுவர் படங்களின் முன்னே வழக்கமாயிற்று.

இந்நிகழ்ச்சி நமக்கு ஒரு பாடம் தருகிறது. தீங்கு எதுவென்று அளந்தறிந்தபின் அதை நீக்க முடிந்தது. படத்தையே ஒழிக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளத்துக்கு நேரும் தீங்கை இவ்வளவு எளிதாக அளக்க இயலாது என்பது உண்மை. அதனாலேயே அங்கே அவசரத் தீர்ப்பு மேலும் ஆபத்தானது.

மூடிய கதவுகள்

1998-இல் மனநல மருத்துவர் தமாக்கி சைத்தோ எழுதிய நூல் 'ஹிக்கிகொமோரி' என்ற சொல்லை நாடறியச் செய்தது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தம் அறைக்குள்ளேயே ஒடுங்கிக் கிடப்போரை அச்சொல் குறிக்கும். 2010-இல் அரசு வெளியிட்ட மதிப்பீட்டின்படி 15 முதல் 39 வயதுக்குட்பட்ட இத்தகையோர் ஏறத்தாழ 7 இலட்சம். 2023-இல் வெளியான மதிப்பீட்டில், 15 முதல் 64 வயது வரையில், ஏறத்தாழ 14.6 இலட்சம். அனிமேயே இதற்குக் காரணம் என்று கூறுவது எளிது. ஆனால் அரசின் ஆய்வுகளில் அவர்களே கூறிய காரணங்கள் வேலையிழப்பு, மனித உறவில் நேர்ந்த முறிவு, நோய், பள்ளியில் பட்ட துன்பம் ஆகியவை. 2023 கல்வியாண்டில் நெடுநாள் பள்ளிக்கு வராத தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர் 3,46,482 பேர். கதவை மூடியது வேறு. மூடிய கதவுக்குள் துணையாய் இருந்தது திரை.

துணை என்றாலும் முழுத்துணை ஆகாது. திரையிலுள்ள நண்பன் நம்மைக் கடிந்துகொள்வதில்லை; நம்மிடம் உதவி கேட்பதுமில்லை. அன்பைப் பெறுவதை மட்டும் பழகிய உள்ளம், அன்பைத் தரும் உழைப்பை அஞ்சும். நிழலில் இளைப்பாறலாம், நிழலையே உண்டு உயிர்வாழ இயலாது.

திரையிலிருந்து வெளியே வந்தவர்கள்

ஆனால் இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தால் நாம் பொய்ச்சான்று கூறியவராவோம். 1983-இல் தொலைக்காட்சிக்கு வந்த 'கேப்டன் சுபாசா'வைக் கண்டு பந்து உதைக்கத் தொடங்கியோர் ஜப்பானில் மட்டுமல்ல. ஸ்பெயினின் பெர்னாண்டோ டோரஸ் போன்ற உலகப் புகழ் ஆட்டக்காரர்களும் அதைத் தம் சிறுவயது ஊக்கமாக நினைவுகூர்ந்துள்ளனர். ஹயாவோ மியாசாக்கியின் 'தொத்தோரோ' திரைக்கு வந்த 1988-க்குப்பின், தோக்கியோவை அடுத்த சயாமா குன்றுகளின் காடுகளைக் காக்க 1990-இல் அப்பெயரிலேயே ஒரு நிதி தொடங்கியது. பொதுமக்களின் நன்கொடையால் காட்டுத்துண்டுகள் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிக் காக்கப்பட்டு வருகின்றன.

2016-இல் நவோக்கோ யமாதா இயக்கிய 'மௌனக் குரல்' செவிப்புலன் இழந்த சிறுமியைத் துன்புறுத்திய ஒரு மாணவனின் கதை. பின்னர் அவனே வகுப்பால் ஒதுக்கப்படுகிறான். பிறர் முகத்தைப் பார்க்கவும் கூசும் அவன் கண்களுக்கு, எதிரே வருவோர் முகங்களின்மீது பெருக்கற்குறிகள் தோன்றுகின்றன. தான் துன்புறுத்தியவளைத் தேடிச்சென்று, அவள் பேசும் சைகைமொழியைக் கற்று, மன்னிப்பு வேண்டுகிறான். இறுதியில் அக்குறிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து விழுகின்றன. ஒப்புரவு என்னும் அருளடையாளத்தை மாணவருக்கு விளக்க முயலும் மறைக்கல்வி ஆசிரியர் எவரும் இப்படத்தைக் கண்டு பயன்பெறலாம்.

அப்படத்தை உருவாக்கிய கியோத்தோ நிறுவனத்தில் 2019 ஜூலை 18 அன்று ஒருவன் தீவைத்தான். முப்பத்தாறு பேர் மாண்டனர். அவர்களுள் பலர் இளம் ஓவியர். தன் கதையை அந்நிறுவனம் திருடிவிட்டதாக எண்ணிய, தனிமையில் உழன்ற மனிதன் அவன். 2024-இல் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. தீயின் செய்தி பரவியதும் உலகின் மூலைமுடுக்குகளிலிருந்து, பெரும்பாலும் இளையோர், முந்நூறு கோடி யென்னுக்கும் மிகுதியாக நன்கொடை அனுப்பினர். அதே படங்களை அவனும் அறிவான், இவர்களும் அறிவார்கள். வேறுபாட்டைப் படத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது.

2025-ஆம் ஆண்டு இதற்கு மற்றொரு சான்று தந்தது. 'ஒன் பீஸ்' தொடரின் வைக்கோல் தொப்பி அணிந்த மண்டையோட்டுக் கொடி, ஆகஸ்டில் இந்தோனேசியாவிலும், செப்டம்பரில் நேபாளத்திலும், பின்னர் மடகாஸ்கரிலும் போராடிய இளையோரின் கைகளில் பறந்தது. கொடுங்கோல் அரசை எதிர்த்து நண்பர்களை விடுவிக்கும் கடலோடிகளின் கதை அது. ஊழலும் வேலையின்மையும் அப்போராட்டங்களின் காரணங்கள். அனிமே அவர்களுக்கு அளித்தது ஓர் அடையாளம் மட்டுமே. எனினும், நீதிக்காக எழுந்த ஒரு தலைமுறை அடையாளம் தேடியபோது அது கட்சிகளிடம் செல்லவில்லை, சமயங்களிடமும் வரவில்லை. இதை நாம் எளிதாகக் கடந்துபோக இயலாது.

நம் இல்லங்களில்

ஜப்பானின் செய்தி இது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. 'ஜங்கிள் புக்' மௌக்லி தொடர் தூர்தர்ஷனில் இந்தியில் வந்த தொண்ணூறுகளிலேயே அனிமே நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' திரைப்படம் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளில் ஓடியது. 2023-இல் அனிமே வணிகத்தின் மதிப்பு 3.3 இலட்சம் கோடி யென். அதில் பாதிக்கும் மேல் ஜப்பானுக்கு வெளியிலிருந்து கிடைத்தது. வேலைக்கு விரையும் பெற்றோரும் தேர்வுக்கு விரையும் பிள்ளைகளும் நம்மிடமும் இல்லையா? கழுத்தில் சாவி தொங்கவில்லை; கையில் கைப்பேசி இருக்கிறது. அவ்வளவே வேறுபாடு.

திருச்சபையும் இம்மொழியைக் கவனித்திருக்கிறது. 2025 யூபிலி ஆண்டிற்கென 2024 அக்டோபரில் பேராயர் ரீனோ பிசிக்கெல்லா அறிமுகம் செய்த 'லூச்சே' என்ற சிறுமி, அனிமே சாயலில் வரையப்பட்டவள். மஞ்சள் மழையங்கி, சேறு படிந்த காலணி, கையில் கோல், கண்களில் திருப்பயணியின் சிப்பி வடிவம். இளையோரின் மொழியில் பேச எடுத்த நல்முயற்சி இது. ஆனால் ஓவியம் பேசினால் போதாது. பேச்சைத் தொடர ஆள் வேண்டும்.

ஆண்டவர் கூறிய உவமை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. தீய ஆவி வெளியேறியபின் ஒரு வீடு பெருக்கி ஒழுங்கு செய்யப்பட்டு, ஆனால் வெறுமையாய் இருக்கிறது. போன ஆவி தன்னைவிடக் கொடிய ஏழு ஆவிகளை அழைத்துவந்து அங்கே குடியேறுகிறது. வீடு அழுக்காய் இருந்ததால் வந்த கேடன்று அது. ஆளில்லாமல் இருந்ததால் வந்த கேடு. பிள்ளைகளின் கைப்பேசியைப் பறிப்பதும், படங்களைத் தடை செய்வதும் வீட்டைப் பெருக்குவதற்கு ஒப்பாகும். சிலவேளை அது தேவை; சில படங்களைப் பொறுத்தவரை கட்டாயம் தேவை. ஆனால் பெருக்கிய வீட்டில் யார் குடியிருக்கப் போகிறார்கள்?

ஆதலால் பெற்றோரிடமும் பங்குத்தள இளையோர் இயக்க வழிகாட்டிகளிடமும் நாம் வேண்டுவது எளிய ஒன்றே. உங்கள் பிள்ளை பார்க்கும் தொடரின் பெயரைக் கேட்டறியுங்கள். ஒரு பகுதியையேனும் அவனோடு, அவளோடு உட்கார்ந்து பாருங்கள். அதில் யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று வினவுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். தந்தையின் பாராட்டுக்கு ஏங்கும் பாத்திரத்தை உங்கள் மகன் விரும்புகிறான் என்றால், அவன் பேசுவது அப்பாத்திரத்தைப் பற்றி மட்டுமன்று. வகுப்பில் ஒதுக்கப்பட்ட பெண்ணுக்காக உங்கள் மகள் அழுகிறாள் என்றால், அக்கண்ணீரின் ஊற்று திரையில் மட்டும் இல்லாதிருக்கலாம்.

எம்மாவு நோக்கி நடந்த இரு சீடரையும் உயிர்த்த ஆண்டவர் வழிமறித்துத் திருப்பிவிடவில்லை. எருசலேமைவிட்டு விலகிச் சென்ற அவர்களோடு அதே திசையில் தாமும் நடந்தார். எதைப்பற்றிப் பேசிக்கொண்டு செல்கிறீர்கள் என்று முதலில் கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை செவிமடுத்தார். மறைநூலை விளக்கியது அதன் பின்னரே. பொழுது சாய்ந்தபோது அவர்களே அவரை வற்புறுத்தி வீட்டினுள் அழைத்தனர்.